வீட்டில் வெங்கிணாந்திக் குட்டி இருக்கிறதா? அது உங்களிடம் ஒட்டுமா, கையில் எடுக்கலாமா, எப்படி ஒப்படைப்பது

வவுனிக்குளத்துக்குக் கீழே எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. சிறுபோக வெட்டு நடந்த ஓர் ஆவணிக் கடைசியில், மெசின் போன தடத்தில் ஒன்றரை முழ நீளத்தில் ஒரு வெங்கிணாந்திக் குட்டி, அதாவது மலைப்பாம்புக் குட்டி, கிடந்தது. வால் பக்கம் தோல் உரிந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மெசினோடு வந்த பெடியன் மண்வெட்டியை எடுத்தான். நான் குறுக்கே நின்று, சேட்டைக் கழற்றி அதற்குள் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காயம் ஆறியதும் விட்டுவிடுவோம் என்றுதான் அம்மாவிடம் சொன்னேன். விடவில்லை. பதினான்கு மாதம் வைத்திருந்தேன்.

அந்தப் பதினான்கு மாதத்தில் விட்ட பிழைகளும், கடைசியில் அதை ஒப்படைக்க அலைந்த அலைச்சலும் இன்னொருவருக்கு வரக்கூடாது. வெட்டுக் காலம், உழவுக் காலம், குளம் வற்றும் காலம் என்று வன்னியில் பாம்புக் குட்டி வீட்டுக்கு வந்துசேரும் சந்தர்ப்பங்கள் நிறைய. இரக்கப்பட்டு எடுப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். நீங்களும் அப்படி ஒருவர் என்றால், கீழே உள்ளதை வரிசைப்படி செய்யுங்கள்.

1. தொடுவதற்கு முன் பெயரை உறுதிப்படுத்துங்கள்

முதல் பொறி இதுதான். வெங்கிணாந்தி என்று நினைத்துப் புடையனைத் தூக்கிவிடுவது. புடையன் என்று நாங்கள் சொல்லும் கண்ணாடி விரியன் முட்டையிடாது, குட்டி போடும். பிறந்த அன்றே அந்தக் குட்டிக்கு நஞ்சு உண்டு. இரண்டும் மண்ணிறம், இரண்டுக்கும் முதுகில் கரும்பழுப்பு அடையாளங்கள். வைக்கோலுக்குள் சுருண்டு கிடக்கும்போது நாற்பது வருடம் வயல் செய்தவருக்கே தடுமாறும். எங்கள் குட்டியைப் பார்த்து அயலில் ஒரு பெரியப்பா புடையன் என்று அடித்துச் சொன்னார்.

படத்தை வைத்துத்தான் தீர்த்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இரண்டு மீற்றராவது தள்ளி நின்று, போனில் படம் எடுத்து, பிறகு பெரிதாக்கிப் பாருங்கள். புடையனின் முதுகில் நீள்வட்டப் புள்ளிகள் மூன்று வரிசையாக, சங்கிலி கோத்தது போல ஒழுங்காக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கறுப்பு விளிம்பும் அதற்கு வெளியே வெளிறிய கோடும் தெரியும். தலை முக்கோணம், கழுத்து ஒடுங்கல், மூக்குத் துவாரம் பெரிது. கிட்டப் போனால் பிறஷர் குக்கர் இரைவது போலச் சீறும். வெங்கிணாந்தியின் திட்டுகள் பெரியவை, ஒழுங்கில்லாதவை, கிழித்து ஒட்டிய கடுதாசி போல ஓரம் நெளிந்தவை. தலைக்கு மேலே ஈட்டி முனை போல ஓர் அடையாளம் இருக்கும். மேலுதட்டில் சிறு குழிகள் இருக்கும்.

மூன்றாவதாக மண்ணுழிப் பாம்பும் குழப்பும். குட்டை உடம்பு, மொட்டை வால், சொரசொரத்த தோல். அதற்கு நஞ்சில்லை. ஆனாலும் அதைப் புடையன் என்று அடித்துக் கொல்வதும் நடக்கிறது, புடையனை அது என்று நினைத்துக் கையில் எடுப்பதும் நடக்கிறது.

ஒரு சிறு சந்தேகம் இருந்தாலும் அதைப் புடையன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிவிட்டு வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். நஞ்சுப் பாம்பைக் கையாளுவதைப் பற்றி இந்தக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. இனி வருவது எல்லாம் வெங்கிணாந்தி என்று உறுதியான பிறகுதான்.

2. வளர்க்க முடியாது என்பதை முதல் நாளே ஏற்றுக்கொள்ளுங்கள்

வெங்கிணாந்தி, 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு. 2009இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது தண்டங்களும் கூடின. அனுமதிப்பத்திரம் இல்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். "காயம்பட்டுக் கிடந்தது", "எங்கள் காணிக்குள்தான் வந்தது", "காசு கொடுத்து வாங்கவில்லை" என்ற மூன்றையும் நானும் சொல்லிப் பார்த்தேன். எதுவும் அனுமதிப்பத்திரம் ஆகாது. வெளிநாட்டிலிருந்து சாதுவான பாம்பு ஒன்றைக் கொண்டுவரலாமே என்று கனடாவிலிருக்கும் சித்தி மகன் கேட்டான். அதற்கும் முன்கூட்டிய அனுமதி வேண்டும். சூட்கேசுக்குள் வைத்துக் கொண்டுவரும் விசயம் அல்ல.

ஆகவே முதல் நாளே ஒரு கொப்பியில் இவற்றை எழுதி வையுங்கள்: கண்ட திகதி, நேரம், இடம், அங்கே யார் இருந்தார்கள், உடம்பில் என்ன காயம். போனில் இடத்தைக் குறித்து அதையும் சேமியுங்கள். வயல் என்று மட்டும் எழுதாமல் எந்த வாய்க்கால், எந்த மதகு என்று எழுதுங்கள். செலவு ஒரு சதமும் இல்லை. பதினான்கு மாதம் கழித்து என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான். என்னிடம் ஒரு படம் மட்டும் இருந்தது, திகதியும் அதில் இல்லை.

இடம் ஏன் முக்கியம் என்றால், பாம்பு தன் வட்டாரத்தை அறிந்து வாழ்கிற உயிர். ஒளியும் புற்று, தண்ணீர், இரை வரும் வழி எல்லாம் அதற்குப் பழகியவை. தூரக் கொண்டுபோய் விட்டால் இடம் தெரியாமல் அலைந்து வீதியிலோ நாயின் வாயிலோ முடியும். பிடித்த இடத்துக்குக் கிட்ட விடுவதுதான் அதற்கு நல்லது. அந்த இடத்தைச் சொல்ல உங்களால்தான் முடியும்.

3. ஒப்படைக்கும்வரை வைத்திருக்கும் முறை

அன்றே அழையுங்கள். ஆனாலும் போயா, சனி ஞாயிறு, ஆட்கள் வேறு வேலையில் நிற்பது என்று இரண்டு மூன்று நாள் இழுபடலாம். அந்த நாட்களுக்குத் தேவையானவை இவை.

மூடி இறுகப் பூட்டும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. நான் வாங்கியது 2,200 ரூபா. பக்கங்களில் ஆணியைச் சூடாக்கிச் சின்னத் துளைகள் போடுங்கள். குட்டியின் தலை புகாத அளவுதான் துளை இருக்க வேண்டும். அடியில் பழைய கடுதாசி விரியுங்கள். கவிழ்த்த மண்சட்டி ஒன்றின் விளிம்பை உடைத்து வைத்தால் ஒளிய இடமாகும். ஒளிய இடமில்லாத பாம்பு ஓய்வதே இல்லை. தண்ணீருக்கு ஒரு கனமான கோப்பை வையுங்கள்.

உரப்பையில் போடாதீர்கள். மருந்தடிக்கும் கலனில், மருந்து வந்த வாளியில் போடவே போடாதீர்கள். எத்தனை தரம் கழுவினாலும் வாசம் போகாது, அது பாம்புக்குள் போகும். முதல் இரவு நான் யூரியாப் பைக்குள் வைத்துவிட்டேன். விடியப் பார்க்க வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒரு வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய்க் காற்றுப் பிடிக்க வைத்துத்தான் தப்பியது. இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

இரண்டாவது ஆபத்து வெக்கை. பாம்புக்கு உடம்புச் சூட்டைத் தானே வைத்திருக்கத் தெரியாது. வெளியில் உள்ளதுதான் உள்ளேயும். 30 பாகை செல்சியஸ் அளவு அதற்குச் சுகம். 40ஐத் தொட்டால் உயிராபத்து. சோளகம் வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் கொஞ்ச நேரம் போதும், முடிந்தது. கிடுகுக் கொட்டில் அல்லது சீமெந்து நிலம் உள்ள அறையின் இருண்ட மூலையைத் தெரிவுசெய்யுங்கள். பெட்டியின் கால்மாட்டில் எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டு வையுங்கள்.

சாப்பாடு பற்றிப் பதறாதீர்கள். குட்டி வெங்கிணாந்தி இரண்டு கிழமை இரையில்லாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. தண்ணீர் இருந்தால் போதும். பால் வைக்காதீர்கள். நாகதம்பிரானுக்குப் பால் வைப்பது எங்கள் நேர்த்தி, புதூருக்குப் போய் நானும் வைத்திருக்கிறேன். அது கோயிலோடு. பாம்பின் குடலுக்குப் பால் செமிக்காது. வயலில் பிடித்த எலியையும் கொடுக்காதீர்கள். எலிப்பாசாணம் தின்ற எலியா என்று பார்த்துச் சொல்ல முடியாது, எலியைக் கொன்ற நஞ்சு பாம்பையும் கொல்லக்கூடும்.

4. பாம்பு ஆளை அறியுமா? ஒட்டுமா?

இந்தக் கேள்வியில்தான் என் பதினான்கு மாதம் போனது. அதனால் விரிவாக எழுதுகிறேன்.

மூன்றாம் மாதம் அளவில், நான் பெட்டியைத் திறந்தால் குட்டி மண்சட்டிக்குள்ளிருந்து வெளியே வரத் தொடங்கியது. கையை வைத்தால் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாக மணிக்கட்டில் ஏறி, முழங்கை மடிப்பில் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும். மாரி காலத்தில், வெளியே மழை கொட்டும்போது, ஒரு மணித்தியாலம் அசையாமல் அப்படியே கிடக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் "உன்னை நல்லா அறிஞ்சு வைச்சிருக்கு" என்றார்கள். நானும் நம்பினேன். ஒரு நாள் அதை விட்டுவிடலாம் என்று அம்மா சொன்னபோது, அது என்னைத் தேடுமே என்று நான் சொன்னேன்.

தங்கச்சிதான் சோதித்துப் பார்க்கச் சொன்னாள். ஒரு போத்தலில் இளஞ்சுடுதண்ணீர் ஊற்றி, கழுவிக் காயப்போட்ட துணியால் சுற்றி, என் கை இருக்கும் இடத்தில் வைத்தோம். குட்டி வந்தது, நாக்கை நீட்டியது, ஏறியது, போத்தலைச் சுற்றிக்கொண்டு தலையை மேலே வைத்துப் படுத்தது. என் கையில் கிடந்தது போலவே அத்தனை நேரம் கிடந்தது. அடுத்த நாள் தங்கச்சியின் கையை வைத்தோம். அதற்கும் வந்தது. கிட்ட வந்ததும் நாக்கு கொஞ்சம் வேகமாக அடித்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த நாக்கில்தான் விசயம் இருக்கிறது. பாம்பு காற்றிலுள்ள வாசத்துகளை நாக்கின் இரண்டு நுனியாலும் எடுத்து, மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பிடம் சேர்க்கிறது. அதன் உலகத்தில் பாதி வாசம்தான். வெங்கிணாந்திக்கு உதட்டுக் குழிகளும் உண்டு. அவற்றால் இருட்டிலும் சூட்டை உணரும். உங்கள் முகமும் குரலும் அதற்குப் பெரிதல்ல. உங்கள் வாசம், உங்கள் சூடு, நீங்கள் நடக்கும்போது நிலத்தில் வரும் அதிர்வு, இவை பழகும். இந்த வாசம் வந்தபோது ஒரு கெடுதியும் நடக்கவில்லை என்பதை அது கற்றுக்கொள்ளும். கற்றபின் சீறுவதையும் ஓடுவதையும் குறைத்துக்கொள்ளும். அந்த அளவில் அது ஆளை அறிகிறது என்று சொல்வது சரிதான்.

ஆனால் நாய் வாசலில் காத்துக் கிடப்பது போல, நீங்கள் இல்லாத குறையை அது உணர்ந்ததற்கு ஒரு அடையாளமும் நான் காணவில்லை. அறுவடைக்காக நான் பத்து நாள் வாடியில் தங்கியபோது தங்கச்சி தண்ணீர் மாற்றினாள். பாம்பு ஒளிந்தது, குடித்தது, தோல் கழற்றியது. நான் திரும்பி வந்தபோது முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே நாக்கை நீட்டியது.

பாம்புக்கு உறவே தெரியாது என்றும் சொல்லிவிடாதீர்கள். பெண் வெங்கிணாந்தி முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தசைகளை நடுக்கி நடுக்கிச் சூடு உண்டாக்கி, இரண்டு மாதம் போல அடைகாக்கும். அந்த நாட்களில் பெரும்பாலும் இரையெடுக்காது. 2020இல் கனடாவின் வில்பிரிட் லாரியர் பல்கலைக்கழகத்தில் கார்ட்டர் பாம்புகளை வைத்துப் பார்த்தபோது, குறிப்பிட்ட சில பாம்புகள் குறிப்பிட்ட சில பாம்புகளோடு சேர்ந்திருப்பதையே விரும்பின. பாம்புக்குப் பாம்போடு ஏதோ இருக்கிறது. அது என்னோடும் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டதுதான் பிழை.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், "என்னைத் தேடும்" என்ற நினைப்புத்தான் எல்லாரையும் ஒப்படைக்க விடாமல் பிடித்து வைக்கிறது. ஒவ்வொரு மாதமும் அது பெருத்தது. ஒன்றரை முழமாக வந்தது, ஒப்படைக்கும்போது மூன்றரை முழத்தைத் தாண்டிவிட்டது. வளர்ந்த வெங்கிணாந்தி மூன்று மீற்றருக்கு மேலும் போகும். மனித வாசத்துக்குப் பயப்படாமல் பழகிய பாம்பு காட்டுக்குத் திரும்பியதும் வீடுகளுக்குக் கிட்ட வரக்கூடும். வந்தால் அதற்கு மண்வெட்டிதான்.

5. கையில் எடுக்கலாமா? எப்போது கூடாது?

பெட்டி கழுவவும் காயம் பார்க்கவும் எடுக்க நேரும். அதற்கு மேல் எடுக்காதீர்கள். எடுப்பதென்றால் இப்படிச் செய்யுங்கள்.

சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள். மேலிருந்து சடாரென்று கையை இறக்க வேண்டாம். பருந்து அப்படித்தான் வரும். பக்கவாட்டில், மெதுவாக, நடு உடம்பின் கீழ் கையைக் கொடுங்கள். இன்னொரு கையால் பின்பாதியைத் தாங்குங்கள். தலையைப் பிடிக்காதீர்கள், வாலில் தூக்காதீர்கள். தொங்கும் உடம்பு பயந்த உடம்பு, அது எதையாவது இறுக்கிப் பிடிக்கும். ஐந்து, பத்து நிமிடத்தில் திரும்ப வையுங்கள். கழுத்தில் மாலை போலப் போட்டுப் படம் எடுக்கும் வேலையை எந்தக் குட்டியோடும் செய்யாதீர்கள்.

கையில் அசையாமல் கிடந்தால் சுகமாக இருக்கிறது என்று முடிவெடுத்துவிட வேண்டாம். பயந்து உறைந்த பாம்பும் அசையாது. வித்தியாசம் நாக்கிலும் தசையிலும் தெரியும். ஆறுதலாக இருக்கும் பாம்பு நிதானமாக நாக்கை நீட்டும், உடம்பு தளர்ந்திருக்கும், கையிலிருந்து கைக்குச் சீராக நகரும். பயந்தது நாக்கை உள்ளே வைத்துக்கொள்ளும், உடம்பு கயிறு போல முறுகும், மூச்சு பெருத்துச் சுருங்கும். தலையைப் பின்னுக்கு இழுத்துக் கழுத்து இங்கிலிசு எஸ் எழுத்துப் போல வளைந்தால் அடுத்தது கடிதான். கையை அந்த இடத்திலேயே நிறுத்தி, மெல்லப் பின்னுக்கு எடுங்கள்.

மூன்று நேரங்களில் தொடவே கூடாது.

ஒன்று, இரை விழுங்கி இரண்டு நாள் ஆகும்வரை. தொட்டால் கக்கிவிடும். கக்குவது அதற்குச் சிறிய விசயம் இல்லை, ஒரு தரம் கக்கிய குட்டி தேற வாரக்கணக்கில் ஆகும்.

இரண்டு, தோல் கழற்றும் காலம். முதல் தரம் அதைக் கண்டபோது கண் குருடாகிவிட்டது என்று அழுதே விட்டேன். கறுப்பு மணி போல இருந்த கண் இரண்டும் கஞ்சித்தண்ணீர் நிறத்துக்கு மாறியிருந்தன. உடம்பும் மங்கி, வயிற்றுப் பக்கம் இளஞ்சிவப்பாக இருந்தது. நாலைந்து நாளில் கண் தெளிந்தது. அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து மூக்கைச் சட்டி விளிம்பில் தேய்த்துத் தேய்த்து, உதட்டில் கிழித்து, காலுறையைக் கழற்றுவது போல முழுத் தோலையும் உட்புறம் வெளியாகக் கழற்றியது. அந்த நாட்களில் அதற்குக் கண் தெரியாது, எல்லாவற்றுக்கும் கொத்தும். ஈரத்துணி ஒன்றைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு விட்டுவிடுங்கள். தோலைப் பிடித்து உரித்து உதவி செய்யாதீர்கள்.

மூன்று, உங்கள் கையில் இரையின் வாசம் இருக்கும்போது. எனக்கு நடந்தது இதுதான். பதினொராம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, குசினியில் கோழி வெட்டிக் கொடுத்துவிட்டு வெறும் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்தேன். "என்னை அறிந்த" பாம்பு. கண் மூடித் திறக்கும் முன் பெருவிரல் அடியில் பிடித்து, மணிக்கட்டை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டது. அதற்கு அந்த நேரம் நான் இல்லை, சூடான ஒரு கோழி மட்டும்தான் இருந்தது. கோபமும் இல்லை, துரோகமும் இல்லை. இரையெடுக்கும் வேளையில் வெங்கிணாந்தி செய்ய வேண்டியதைச் செய்தது.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் இன்னொன்று. பார்க்க எந்த வருத்தமும் இல்லாத பாம்பின் உடம்பிலும் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் முதியவர்களும் பெட்டியைத் தொடவே வேண்டாம். தண்ணீர்க் கோப்பையைக் குசினியில் கழுவாதீர்கள்.

6. கடித்தால்

வெங்கிணாந்திக்கு நஞ்சில்லை. ஆனால் பற்கள் உள்நோக்கி வளைந்தவை. கையை இழுத்தால் கிழிவது நீங்கள்தான், பல் உடைந்து உள்ளேயும் நிற்கும். இழுக்காதீர்கள். அம்மா வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அதன் தலைமேல் மெதுவாக ஊற்றினா. நான் வால் பக்கத்திலிருந்து சுற்றைக் கழற்றினேன். ஆறேழு நிமிடத்தில் விட்டது. காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, அரச ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்பு ஊசி போடுங்கள். செலவு போக்குவரத்துக்கு மட்டும்.

கடித்தது எது என்பதில் ஒரு துளி சந்தேகம் இருந்தாலும் நஞ்சுக் கடியாகவே எண்ணி நடவுங்கள். மோதிரம், காப்பு, கொலுசு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள், வீங்கினால் பிறகு வராது. கடித்த நேரத்தை எழுதுங்கள். கையைக் காலை அசைக்காமல் வைத்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். பார்வை பார்க்கப் போவதென்றால் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தபிறகு போங்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை, படம் இருந்தால் காட்டுங்கள்.

ஆஸ்பத்திரியில் கொஞ்ச இரத்தம் எடுத்து, சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். உறையாவிட்டால் புடையன் போன்ற விரியன் நஞ்சு ஏறியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். எல்லாருக்கும் நஞ்சுமுறி மருந்து ஏற்றமாட்டார்கள், தேவைப்பட்டால்தான் ஏற்றுவார்கள். அந்த மருந்தாலேயே ஒவ்வாமை வரக்கூடும் என்பதால்தான் அப்படி. ஆகவே "மருந்து போடவில்லை" என்று சண்டை பிடிக்காதீர்கள். குறைந்தது 24 மணித்தியாலம் வாட்டில் மறித்துப் பார்ப்பார்கள். மாற்றுடுப்பு, அடையாள அட்டை, பழைய கிளினிக் கொப்பி இருந்தால் அது, போன் சார்ஜர், இவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். நல்லாக இருக்கிறதே என்று இடையில் துண்டு வெட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

7. ஒப்படைத்தல்: கடிதம், காசு, நேரம்

நான் முதலில் போன அலுவலகம் ஒன்றில் "இது இங்கே இல்லை" என்றார்கள். அங்கே சொன்ன இடத்துக்குப் போனால் இன்று ஆள் இல்லை என்றார்கள். மூன்றாம் தரம் பாம்பையே ஓட்டோவில் கொண்டுபோய் வெயிலுக்குள் இரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தேன். ஓட்டோவுக்கு மட்டும் 3,500 ரூபா. பாம்பை நீங்கள் ஏற்றிக்கொண்டு திரியாதீர்கள். வழியில் மறித்தால் கையில் எந்தப் பத்திரமும் இருக்காது, பாம்பும் வெக்கையில் சாகும்.

சரியான ஒழுங்கு இது. முதலில் 1992க்கு அழையுங்கள். பேசும்போது நான்கு விசயத்தை அடுத்தடுத்துச் சொல்லுங்கள்: வெங்கிணாந்தி, இவ்வளவு நீளம், காயம் உண்டா இல்லையா, எந்தப் பிரதேச செயலர் பிரிவில் எந்தக் கிராமம். அழைத்த நேரத்தையும் பேசியவர் சொன்ன பதிலையும் கொப்பியில் எழுதுங்கள். உங்கள் பகுதி அலுவலகத்தின் இலக்கத்தைக் கேட்டு வாங்கி, அங்கேயும் அழையுங்கள். வர முடிந்த நாளைக் கேளுங்கள். காலையில் அழைத்தால் அன்றே பின்னேரம் ஆள் வரக்கூடும். மத்தியானத்துக்குப் பிறகு அழைத்தால் அடுத்த நாளை எதிர்பாருங்கள்.

அப்புறம் கிராம அலுவலரிடம் போய் நிலைமையைச் சொல்லுங்கள். மறைக்க வேண்டாம். ஊருக்கே தெரிந்த விசயம் அவருக்குத் தெரியாமல் இருக்காது.

கடிதம் ஒரு பக்கம் போதும். உங்கள் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், பாம்பைக் கண்ட திகதியும் இடமும், எதற்காக எடுத்தீர்கள், என்ன இரை கொடுத்தீர்கள், கடைசியாக எப்போது கொடுத்தீர்கள், எப்போது தோல் கழற்றியது, இப்போது என்ன நிலைமை. கடைசியில் "இன்று இவ்விலங்கை ஒப்படைக்கிறேன்" என்ற வரி. எத்தனை நாள் வைத்திருந்தீர்கள் என்பதைக் குறைத்து எழுதாதீர்கள். மூன்றரை முழப் பாம்பைக் கொடுத்துவிட்டுப் போன கிழமை பிடித்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள், அந்த ஒரு பொய் மற்ற எல்லாவற்றையும் பொய்யாக்கும்.

கடிதத்தில் இரண்டு பிரதி, அடையாள அட்டையில் இரண்டு பிரதி, முதல் நாள் படமும் இன்றைய படமும் அச்செடுத்தது. போட்டோக் கொப்பிக் கடையில் எனக்கு மொத்தம் 240 ரூபா முடிந்தது. பாம்பைப் பொறுப்பெடுப்பவரிடம் ஒரு பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். அதைப் பத்திரமாக வையுங்கள். பிறகு யாராவது "இந்த வீட்டில் பாம்பு வளர்க்கிறார்கள்" என்று தகவல் கொடுத்தால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும். ஒப்படைத்து ஆறாம் மாதம் எனக்கு அதைக் காட்ட வேண்டி வந்தது.

ஒப்படைக்க ஐந்து நாளுக்கு முன்பே இரை கொடுப்பதை நிறுத்துங்கள். பயணத்தில் கக்காது. அன்று காலை பாம்பைச் சுத்தமான தலையணை உறைக்குள் விட்டு, வாயை முறுக்கிக் கட்டி, உறையோடு பெட்டிக்குள் வையுங்கள். துணிக்குள் காற்றும் போகும், இருட்டில் அதுவும் அமைதியாக இருக்கும். உறையை அவர்களோடு அனுப்பிவிடுங்கள், திரும்பக் கேட்காதீர்கள். வந்த உத்தியோகத்தர் அந்த உறையைக் கையில் வாங்கியதும் துணிக்கு மேலால் நாக்கின் நுனி தெரிகிறதா என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அது மூலையில் சுருண்டு கிடந்தது. அவர் கொப்பியைக் கேட்டு, வாய்க்கால் மதகு எழுதிய பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டார். பதினான்கு மாதத்துக்குப் பிறகு நினைவிலிருந்து எழுதிய இடம் அது. அன்றே எழுதியிருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும்.

வீட்டில் மிஞ்சும் பெட்டியையும் கோப்பையையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, நாலு நாள் வெயிலில் காயவிடுங்கள். அதற்குப் பிறகும் குசினிப் பாவனைக்கு எடுக்க வேண்டாம். நான் மண்சட்டியை உடைத்துப் புதைத்துவிட்டு, பெட்டியை விதைநெல் போட்டு வைக்க எடுத்தேன்.